விதைக்காத நிலத்துக்கு வாடகை

புல்லுக்குள்ளிருந்து ஃபெசன்ட் என்ற, கோழி போன்ற காட்டுப்பறவையின் சேவல் ஒன்று படபடவென்று எழும்பி, கார் கண்ணாடியை உரசாத குறையாகப் பறந்தது. கழுத்தில் வெள்ளை வளையம். பிரேக்கை மிதித்த காலில் இன்னும் நடுக்கம் இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கிராமச் சாலை. இருபுறமும் அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டை. ஒரு சரிவில் மட்டும் மார்பளவு புல்.

வழியில் காபி குடிக்க நின்ற இடத்தில் அந்தப் புல் நிலம் யாருடையது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"என்னுடையதுதான். அங்கே பயிர் செய்யாமல் இருக்க அரசு எனக்கு வாடகை தருகிறது" என்று சிரித்தார்.

1985ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தோடு வந்த திட்டம். மண் அரிக்கும் நிலத்தில் 10 முதல் 15 ஆண்டுகள் புல்லோ மரமோ வளர்க்க ஒப்பந்தம். ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் பணம். சும்மா போட்டுவைத்தால் போதாது. களையை அடக்க வேண்டும், பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் புல்லை வெட்டக் கூடாது. ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) விளைநிலத்தில் பொதுவாகக் கால் பங்குக்கு மேல் சேர்க்கவும் மாட்டார்கள். எல்லோரும் விதைப்பதை நிறுத்திவிட்டால் விதைக்கடைக்காரர் எங்கே போவார்?

"பக்கத்து மேட்டு நிலமும் இதில்தான் இருக்கிறது. சொந்தக்காரி அரிசோனாவில். குத்தகைக்கு உழுத பையன்தான் பாவம், இப்போது லாரி ஓட்டுகிறான்."

என் காபிக்கும் அவரே காசு கொடுத்தார். "புல் தந்த காசு!"

அந்தப் பையன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறான் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். சரிவின் அடியில் காரை நிறுத்தி ஓடையையும் பார்த்தேன்.

தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது.