மூன்று சீட்டு, மூன்று விலை

2024 ஜூலையில் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும், "மாமா, ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுங்க" என்றாள். டிடிபி கடை வைத்திருப்பதால் குடும்பத்தில் நான்தான் கம்ப்யூட்டர் பண்டிதன். சரியென்று ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

முதல் கடையில் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, போர்டு, கேபினட், மானிட்டர் – 34,500" என்று கிறுக்கிக் கையில் திணித்தார்கள். அடுத்த கடையில் 38,000. மூன்றாவது கடைக்காரர் நாற்காலியை விட்டு எழாமலே 42,300 என்று சீட்டை நீட்டினார். என் கால் முதல் கடைப் பக்கம்தான் திரும்பியது.

டீ குடிக்கும்போது மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாமவர் சீட்டில் மட்டும் ஒவ்வொரு சாமானுக்கும் மாடல் நம்பர் இருந்தது. ப்ராசஸர் இன்டெல் ஐ5 12400, பாக்ஸ் பீஸ் (கம்பெனி பெட்டியோடு வருவது), 3 வருட வாரன்ட்டி. முதல் கடைக்குத் திரும்பிப் போய், "இது எந்த ஐ5 தம்பி?" என்று கேட்டேன்.

"12400எஃப் சார். ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. சீட்டில் கார்டு இல்லை. போதாததற்கு அது ட்ரே பீஸ். பெட்டி கிடையாது, ஃபேன் கிடையாது, வாரன்ட்டிக்கு இன்டெல் பொறுப்பில்லை, கடைக்காரர் வாய்ச்சொல்தான். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று கேட்டால் "கேபினட்டோட வர்றது சார்." பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனியாம். 34,500க்கு 18 சதவீதம் 6,210. ஆக 40,710 ஆகிவிட்டது, கார்டு இன்னும் வாங்கவில்லை!

அன்றிரவு பட்டியலை நானே எழுதினேன். ரேம் 8 ஜிபி இரண்டு, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமான என்விஎம்இ வகை, எஸ்எம்பிஎஸ் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர். விலைக்கு மட்டும் இடம் விட்டேன். கீழே "ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு, எத்தனை நாளைக்கு இந்த விலை?" என்று கேட்டு ஐந்து கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இருவர் பதிலே போடவில்லை. மற்ற மூவரின் விலையும் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் நின்றது. அதில் குறைவு, நாற்காலியை விட்டு எழாத அதே மனிதர்: 41,600, மூன்று நாளைக்கு.

செவ்வாய்க்கிழமை போனபோது ரேம் 200 ரூபாய் ஏறியிருந்தது. வாட்ஸ்அப்பைக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் பழைய விலைக்கே பில் போட்டார். ஒரு மவுஸ் பேட் சும்மா கேட்டதற்குத்தான் முறைத்தார்.