ஒரே ஒரு காலனி

எண்டோஸ்கோபி அறையிலிருந்து வரும் இரைப்பைத் துணுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒன்றை மஞ்சள் நிற யூரியா ஜெல்லில் அழுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்போம். கிருமி இருந்தால் துணுக்கைச் சுற்றி முதலில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் படரும், அப்புறம் ஜெல் முழுக்க நிறம் மாறிவிடும். ஹெலிகோபேக்டர் பைலோரி யூரியாவை உடைத்து உண்டாக்கும் அம்மோனியாவின் வேலை அது. இரைப்பையின் அமிலத்தில் அந்தக் கிருமி உயிர் பிழைப்பதும் அதே யூரியேஸ் நொதியால்தான். கன்னக்கோலோடு பிடிபட்ட திருடன் மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

அந்த வருடம் எனக்குக் கொடுத்திருந்த வேலை கேட்பதற்குச் சுலபமானது. கிருமியை வளர்த்து, அதிக அழற்சியோடு சேர்த்துப் பேசப்படும் கேக்-ஏ மரபணு அதில் இருக்கிறதா என்று, டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில் பார்க்க வேண்டும். நோய்க்குறியியல் பிரிவு ஸ்லைடைப் பார்த்து அழற்சிக்கு மதிப்பெண் போடும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். மரபணு இருந்தால் அழற்சி அதிகம், இல்லாவிட்டால் குறைவு என்று அட்டவணை அழகாகப் பிரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வளர்ப்பது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஆக்சிஜன் 5 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வளர்ப்புத் தட்டில் ஒற்றைக் கிருமியிலிருந்து பெருகிய புள்ளிகள், அதாவது காலனிகள், தெரிய 3 முதல் 7 நாள் வரை காத்திருக்க வேண்டும். 1982இல் பெர்த் நகரில் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் இது முதன்முதலாக வளர்ந்ததே ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுக்காமல் விட்டுவிட்டதால்தான். அதுவரை இரண்டே நாளில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நோயாளியின் ஸ்லைடு என்னைக் குழப்பியது. இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் சுரப்பிகளின் சுவருக்குள்ளேயே நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் புகுந்து நிறைந்திருந்தன. இன்னொரு வகை வெள்ளணுக்களான லிம்போசைட்டுகள் மட்டும் இருந்தால் நாட்பட்ட அழற்சி என்று எழுதுவார்கள். நியூட்ரோஃபிலும் சேர்ந்தால் ‘ஆக்டிவ்’. இது நல்ல ஆக்டிவ். பிசிஆர் முடிவைக் காட்டும் என் ஜெல்லிலோ கேக்-ஏவுக்கான பட்டையே இல்லை. மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பிரைமரை மாற்றினேன், புதிதாக டிஎன்ஏ எடுத்தேன், கன்ட்ரோல்களைச் சரிபார்த்தேன். கடைசியில் நோய்க்குறியியல்காரர்கள் லேபிளை மாற்றி ஒட்டியிருப்பார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். (தன் தப்பைத் தேடும்போது கண் முதலில் அடுத்தவர் மேஜைக்குத்தான் போகிறது.)

என் சீனியர் மேடத்திடம் போய் நின்றேன். தட்டைக்கூடப் பார்க்காமல், “எத்தனை காலனி எடுத்தே?” என்றார்.

“ஒண்ணுதான் மேடம். சுத்தமா வரணும்னு.”

“அந்த வயித்துல இருக்குறது ஒரே குடும்பம்னு உனக்கு யார் சொன்னா?”

முதல் தட்டிலிருந்து மொத்தமாக வழித்தெடுத்த கலவை மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருந்தது. அதில் பார்த்தேன், பட்டை பளிச்சென்று வந்தது. ஒரே இரைப்பையில் கேக்-ஏ உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை குடியிருந்திருக்கின்றன. நான் எடுத்த ஒரே ஒரு காலனி இல்லாத வகையைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பத்துக் காலனிகளும், கூடவே கலவையும் எடுப்பதே எங்கள் வழக்கமாயிற்று.

அட்டவணை சரியாகிவிடும் என்று பார்த்தால், அடுத்து எதிர்த்திசையில் ஒரு சிக்கல்: கேக்-ஏ இருந்தும் மிதமான அழற்சியோடு நின்றுவிட்ட ஸ்லைடுகள். இங்கேதான் என் கேள்வியே அரைகுறை என்று புரிந்தது. கேக்-ஏ தனி மரபணு அல்ல. ஏறத்தாழ 40,000 கார இணைகள் நீளமுள்ள ஒரு மரபணுத் தீவின் ஒரு மூலை. தீவின் மற்ற மரபணுக்கள் சேர்ந்து ஊசி போன்ற ஒரு அமைப்பைக் கட்டுகின்றன. அது வழியாகத்தான் கேக்-ஏ புரதம் இரைப்பைச் செல்லுக்குள் போய், அதன் சமிக்ஞைகளைக் குலைக்கிறது. ஆனால் நியூட்ரோஃபில்களைக் கூவி அழைக்கும் இன்டர்லூகின்-8ஐச் செல் சுரப்பதற்குக் கேக்-ஏவை விடப் பெரிய காரணம், அதே ஊசி வழியே உள்ளே போகும் கிருமியின் சர்க்கரை மூலக்கூறுகளும் செல்சுவர்த் துணுக்குகளும்தான். ஆக, என் பிசிஆர் பார்த்தது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை. தீவில் பாதி அழிந்து ஊசி வேலை செய்யாமல் போனாலும் பலகை தொங்கிக்கொண்டே இருக்கும்.

வேக்-ஏ கதை இன்னும் வேறு. செல்களில் குமிழ்களை உண்டாக்கும் இந்த நச்சின் மரபணு கிட்டத்தட்ட எல்லா வகைகளிலும் இருக்கிறது. அதனால் இருக்கிறதா என்று கேட்பதே வீண். எஸ்1 வகையா எஸ்2 வகையா என்றுதான் கேட்க வேண்டும். எஸ்2 பெரும்பாலும் பல் பிடுங்கிய பாம்பு.

போதாக்குறைக்கு, அழற்சியைச் செய்து முடிப்பது நம் உடம்பே. ஒரே கிருமிக்கு ஒருவரின் இரைப்பை ஊரையே கூட்டும், இன்னொருவருடையது முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். ஆன்ட்ரத்தில் அழற்சி அதிகமானால் அமிலம் கூடி முன்சிறுகுடல் புண் பக்கம் போகலாம். மேல்பகுதிக்குப் பரவினால் அமிலம் குறைந்து, சுரப்பிகள் தேய்ந்து, புற்றுநோய் அபாயம் கூடும். 5 இடங்களிலிருந்து துணுக்கு எடுக்கச் சொல்வது அதனால்தான். எங்களுக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் ஆன்ட்ரம் மட்டுமே என்பது என் தீராத புலம்பல்.

“கேக்-ஏ இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க” என்று டாக்டர்கள் இன்றும் போனில் கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் இருக்கிறது என்று எழுதுகிறேன். எத்தனை காலனியில், கலவையில் எப்படி என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். கையெழுத்துப் போடும் முன் மாடியிலுள்ள நோய்க்குறியியல் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, ஸ்லைடில் நியூட்ரோஃபில் எப்படி என்று கேட்டுக்கொள்கிறேன். லேபிளைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதில்லை.