மேட்டூர்ப் பக்கத்துப் பழைய ஈமக்காடு

சேலத்துக்காரங்களுக்கு இரும்புன்னா உருக்காலைதான் ஞாபகம் வரும். அதுக்கு ரொம்ப முந்தின கதை புதைகுழியில கிடக்கு. மேட்டூர்ப் பக்கம் மாங்காடு, தெலுங்கனூர்ல பெருங்கற்கால (பெரிய கல்லால கல்லறை கட்டின காலம்) ஈமக்காடுகள், அதாவது பழைய இடுகாடுகள். மாங்காட்டு இரும்புக்குக் காலக்கணிப்பு கி.மு. 1500-ஐ ஒட்டி வருது.

கல்பதுக்கைன்னா அந்தக் காலத்துக் கல்லறை வகை ஒண்ணு: பலகைக் கல்லை நாலு பக்கமும் நிமிர்த்தி நட்டு, மேல மூடுகல், சுத்தி கல்வட்டம். பலதுல ஒரு பலகையில மட்டும் வட்டமா ஓட்டை போட்டிருப்பாங்க, இடுதுளைன்னு பேரு. உள்ள கறுப்பு-சிவப்புப் பானை, கத்தி, மணி. முழு உடம்பு பெரும்பாலும் இருக்காது. சதை போனப்புறம் பொறுக்கி வச்ச எலும்புதான். (சாப்பிடறப்ப இதைச் சொல்லி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.)

மணிமேகலையில ஒரே சுடுகாட்டுல அஞ்சு முறை வருது: சுடறது, சும்மா போட்டுட்டுப் போறது, குழியில புதைக்கிறது, பள்ளத்துல அடைக்கிறது, தாழியில (பெரிய மண்பானை) கவிக்கிறது.

நம்ம ஆளுங்க என்னடான்னா புதையல்னு ராத்திரியில தோண்டறாங்க. கிடைக்கிறது உடைஞ்ச பானை ஓடுதான். மிச்சக் கல்லு வீட்டுக் கடக்காலுக்குப் போயிடுது. வயித்தெரிச்சல்! கொளத்தூர், மேச்சேரி நண்பர்களே, உங்க காட்டுல வட்டமா கல்லு கிடந்தா பெயர்க்காம, முதல்ல ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க.