அகியோஷிதாய்: தீக்குக் காத்திருக்கும் பிப்ரவரி

பிப்ரவரி 9
ஜப்பானின் யாமகுச்சி மாநிலத்தில் உள்ள இந்தச் சுண்ணாம்புக்கல் மேட்டுப் புல்வெளியை ஆண்டுதோறும் பிப்ரவரியில் எரிப்பார்கள். புல் இன்னும் ஈரம்.

பிப்ரவரி 10
மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. பெய்யும் மழையெல்லாம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய மேட்டில் ஓர் ஓடை கிடையாது. ஈரத்தைப் பிடித்து வைப்பது இரவுப் பனி. சுசுகி என்ற உயரமான புல் மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும். அதன் அடியில் நெசாசா என்ற குட்டை மூங்கில் பச்சையாகவே நிற்கும். அடித்தாளை ஒடித்துப் பார்க்க வேண்டும்: படக்கென முறிந்தால் பற்றும், வளைந்தால் புகையும். இன்று வளைகிறது.

பிப்ரவரி 12
எரிப்பு நாளான ஞாயிறு மழை வாய்ப்பு காலையில் 30 சதவீதம், மாலையில் 50.

பிப்ரவரி 13
மேலே வேலையில்லை, மேட்டுக்கு அடியில் உள்ள அகியோஷிதோ குகைக்குள் போகலாம். ஷின்-யாமகுச்சி ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். கீழ்வாசலில் நுழைந்து, நடுவில் உள்ள லிஃப்டில் 80 மீட்டர் ஏறி மேட்டுக்கு வருவதுதான் சரியான வழி. எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது அப்போதுதான் புரியும். குகை 10 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பார்வைக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். உள்ளே ஆண்டு முழுவதும் 17 டிகிரி. வெளியே 3 டிகிரி குளிரிலிருந்து போனால் லென்ஸில் உடனே நீர் படியும். கேமராவைப் பையிலேயே மூடி, கால் மணி நேரம் விட்டு எடுக்கவும்.

குகைக்குள் இருக்கும் நீர்த்தட்டுகளுக்கு 'நூறு தட்டுகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் 500க்கு மேல். வயல் வரப்பு போல அடுக்கடுக்காகக் கல் வரம்பு. நீர் விளிம்பைத் தாண்டும்போது மெல்லிய படலமாகிறது. அங்கேதான் கரியமில வாயு வேகமாக வெளியேறும், சுண்ணாம்பு படியும். அதனால் விளிம்பு மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. அதே குகையில் சுண்ணாம்பு படிந்து உருவான 15 மீட்டர் பொற்தூணைவிட எனக்கு இதுதான் பெரிது.

பிப்ரவரி 14
இந்தப் புல்வெளி தானாக நிற்பதல்ல. மாட்டுத் தீவனத்துக்கும் வயல் உரத்துக்கும் புல் வேண்டியிருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் எரித்தார்கள். இப்போது அந்தத் தேவை போய்விட்டது, எரிப்பு மட்டும் தொடர்கிறது. விட்டால் முதலில் புதர், பிறகு காடு. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிக்க வேண்டும். அதற்கு இலையுதிர் காலத்திலேயே காட்டு ஓரமெங்கும் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பட்டை போட்டாக வேண்டும். செங்குத்துச் சரிவில் அதை வெட்டுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. படம் எடுக்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பட்டையைக் கவனிப்பார்கள்?

பிப்ரவரி 15
எரிப்பை ஒத்திவைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17
டொலீன் பள்ளங்கள். கல் கரைந்து, நிலம் கிண்ணமாக அமுங்கிய இடங்கள். அடியில் செம்மண் ஆழமாகச் சேர்ந்திருக்கும். அருகிலுள்ள மிதோ பக்கத்தில் அதில்தான் கோபோ என்ற நீளமான வேர்க்காய் விளைகிறது. இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். விளிம்பில் பனி விலகிய பிறகும் அடியில் வெள்ளையாகக் கிடக்கும். தாளை ஒடித்துப் பார்ப்பவர்கள் பள்ளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும், மேட்டில் அல்ல.

பிப்ரவரி 19
தூறல். செம்மண் காலணியில் அப்பிக்கொள்ளும், அப்படியே கல்மேல் ஏறினால் வழுக்கும். ஏறாமலிருப்பதே நல்லது.

பிப்ரவரி 20
வடமேற்குக் காற்று. வெயில். முறிகிறது!

பிப்ரவரி 21
நாளைக்கு: பருத்தி அல்லது கம்பளி உடை. நைலான் ஜாக்கெட்டில் பொறி விழுந்தால் துளை, தோலில் ஒட்டினால் காயம். தண்ணீர் கையோடு. எரிப்பு நேரத்தில் மேட்டின் மீது செல்லும் கார்ஸ்ட் சாலை மூடப்படும். முன்பே வந்து அனுமதித்த இடத்தில், காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும்.

பிப்ரவரி 22
முதலில் காற்று போகும் பக்கத்து ஓரத்தில் தீ வைத்தார்கள். அங்கே தீ காற்றை எதிர்த்து மெதுவாக உள்ளே ஊர்ந்து, அகலமான கருப்புப் பட்டை விடும். அது கிடைத்த பிறகுதான் எதிர்ப்பக்கத்தில் வைப்பது. ஏறுசரிவில் தீ தன் முன்னால் உள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே ஓடும், மனிதனால் முந்த முடியாது. பள்ளத்தின் விளிம்பில் பிடித்த தீயோ தயங்கித் தயங்கி இறங்குகிறது. நெசாசா கணுக்களில் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கிறது, படபடவென்று, நிற்காமல். சுவாலை கடந்து இரண்டு நிமிடத்தில் தரை அடங்கிவிடுகிறது. வேருக்குச் சூடு எட்டாது.

பிப்ரவரி 23
கார்ஸ்ட், அதாவது நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உருவாக்கிய நிலத்தைப் படிக்க வேண்டுமானால் இன்றுதான் வர வேண்டும். புல் மறைத்த கல் அத்தனையும் கருப்பில் வெள்ளையாக வெளியே நிற்கிறது. பள்ளங்களின் விளிம்பு, ஒன்றோடொன்று சேரும் இடம், எல்லாம் தெரிகிறது. 35 கோடி ஆண்டு முன்பு கடலில் பவளப்பாறையாகத் தொடங்கிய கல்; தேய்ந்த முகங்களில் அரிசி அளவில் புசுலினா என்ற பழங்கால ஒருசெல் கடலுயிரியின் புதைபடிவங்கள் உண்டு. எடுக்கக் கூடாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். பாதையை விட்டு இறங்க வேண்டாம்: எரிந்த நெசாசா முளை மெல்லிய காலணியைக் குத்திவிடும். லென்ஸில் கரித்தூள் விழுந்தால் துடைக்காமல் முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும், தேய்த்தால் கோடு விழும்.