எரியும் இறக்கையின் மேல் ஒரு மனிதர்

1944 ஏப்ரல் 26 இரவு, ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்கிய பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றில் பொறியாளராகப் பறந்தவர் சார்ஜென்ட் நார்மன் ஜாக்சன். குண்டுகளை வீசி முடித்த சற்று நேரத்தில், எதிரியின் போர் விமானம் சுட்டதால், வலது இறக்கையில் எரிபொருள் தொட்டியருகே தீப்பிடித்தது. காலிலும் தோளிலும் காயம்பட்டிருந்த ஜாக்சன், தீயணைப்பானைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, விமானியின் தலைக்கு மேலிருந்த கதவைத் திறந்து, மணிக்கு 200 மைல் வேகக் காற்றில் வெளியே ஏறினார். அப்போதே அவருடைய பாராசூட் விமானி அறைக்குள் விரிந்துவிட, மூன்று தோழர்கள் அதன் கயிறுகளைக் கையில் பிடித்து, அவர் நகர நகரச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு கனப்பது இந்த இடத்தில்தான்: அந்தக் கயிறுகளை நம்பித்தானே அவர் போனார்!

இறக்கைக்கு வந்ததும் தீயணைப்பான் காற்றில் பறந்தது. முகமும் கைகளும் கருகி, எரிந்துகொண்டிருந்த பாராசூட்டுடன் விழுந்தவர், கணுக்கால் முறிந்த நிலையில், விடிந்ததும் அருகிலிருந்த கிராமத்துக்குத் தவழ்ந்தே சென்றார். விமானியும் பின்புறத் துப்பாக்கி வீரரும் உயிர் பிழைக்கவில்லை. ஜாக்சன் சிறைப்பட்டு, பத்து மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அந்தக் குண்டுகளுக்குக் கீழே இறந்த நகர மக்களையும் நான் மறக்கவில்லை. போர்க்கள வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் ஜாக்சனுக்கு 1945 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது; சிறையிலிருந்து மீண்ட தோழர்கள் சொல்லித்தான் அவர் செய்தது வெளியே தெரிந்தது.