நாமும் நாங்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பக்கத்து மேசை பாக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்), "கித்தா செமுவா ஒராங் சினி" என்றார். நாம் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள் என்று அர்த்தம். மலாயில் 'கித்தா' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்; 'காமி' வெளியே நிறுத்திவிடும். தமிழில் நாம், நாங்கள் மாதிரியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தான். (அம்மா முப்பது வருஷம் சீவிய கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வேறு; அந்தச் சொல் மலாய் 'கெத்தா'விலிருந்து வந்தது.)

போன தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த அண்ணன் மகள், வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவள், ஆசையாகக் கேட்டாள்: "பாட்டி, நாங்க சாப்பிடப் போகலாமா?"

"போங்கம்மா, நான் எதுக்கு?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அண்ணன்தான் வந்து, "அம்மா, 'நாம போகலாமா'ன்னு கேக்குறா" என்றார்.

"அப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்று செருப்பைத் தேடினார்.