ரஹாம்னா (மொராக்கோ) குறிப்புகள், 2024-25

டிசம்பர் 19, 2024
கினோவா தானியத்தை விதைத்துவிட்டோம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது என்று விதைப்பவரிடம் சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். கடுகளவு விதை, ஆழத்தில் விழுந்தால் மேலே வரத் தெம்பு இருக்காது. நிலத்துக்காரர் ஹாஜ் வரப்பில் நின்று பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: "இது விளையாவிட்டால் ஆடு எதைத் தின்னும்?"

டிசம்பர் 27
மழை இல்லை.

ஜனவரி 6, 2025
தூறல் போட்டது, அதுவும் கெடுதலாயிற்று. மேல்மண் காய்ந்து ஓடு கட்டிக்கொண்டது. கீறிப் பார்த்தால் முளை அடியிலேயே வளைந்து கிடக்கிறது. திட்டுத் திட்டாகத்தான் பச்சை.

ஜனவரி 7
ஆட்டுக் கேள்வி தூங்க விடவில்லை. பார்லி மணி பிடிக்காத ஆண்டில் வயலை மந்தைக்குத் திறந்துவிடுகிறார்கள். தோற்றாலும் அது தீவனம். கினோவா உப்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும் என்றெல்லாம் அறிக்கையில் எழுதுகிறோம். தோற்றுப்போன கினோவா வயலுக்கு என்ன மதிப்பு என்று எந்தப் பத்தியிலும் இல்லை. "தழையை ஆடு தின்னும்" என்றேன் ஹாஜிடம். "தின்னுமா, தின்றதா?" என்றார்.

பிப்ரவரி 11
களையெடுப்பு. இந்தப் பயிரின் பங்காளிக் களை ஒன்று இங்கேயும் முளைக்கிறது. நம் ஊரில் அதைத்தான் சக்கரவர்த்திக்கீரை என்று கடைந்து சாப்பிடுகிறோம். இளஞ்செடியில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பெண்கள் பிடுங்கியதை ஆட்டுக்கென்று மூட்டை கட்டினார்கள். பாதி எங்கள் பயிர். நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 12
தின்றதாம்! ஹாஜிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 26
அரசரின் கடிதத்தை அமைச்சர் தொலைக்காட்சியில் வாசித்தார். இந்த ஆண்டு பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க வேண்டாம். நாட்டில் மந்தை அவ்வளவு சுருங்கிவிட்டது. 1996இலும் இப்படிச் சொன்னார்கள் என்றார் ஹாஜ். அதன் பிறகு அந்த வீட்டில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பயிரைப் பற்றிக் கேட்கப் போனவன், கேட்காமலே திரும்பினேன்.

மார்ச் 14
மழை! நோன்பு திறக்கும் நேரத்தில் கொட்டியது. ஹரீரா சூப் கிண்ணத்தோடு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

ஏப்ரல் 21
பூக்கும் நேரம். கிழக்கிலிருந்து ஷெர்கி என்னும் அனல்காற்று அடிக்கிறது. 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும், மணி பிடிக்காது. தெர்மாமீட்டரை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 22
தெர்மாமீட்டரை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மதியம் திறந்தேன்.

மே 24
அறுவடை. ஓரத்தைக் குருவிகள் கொண்டுபோயின. மோசமில்லை, நல்லது என்றும் சொல்ல முடியாது.

மே 30
இன்று கோபம்தான். விதைத்தோலில் இருக்கும் சபோனின் என்ற நுரைக்கும் கசப்புப் பொருள் போகும்வரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஒரு தண்ணீர் மாற்றினால் நுரை, இன்னொன்று மாற்றினால் மறுபடியும் நுரை. லாரித் தண்ணீர் அது. காசு கொடுத்து வாங்கியது. தண்ணீர் இல்லாத ஊருக்கு ஏற்ற பயிர் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாளி வாளியாக ஊற்றிக் கழுவு என்கிறோம். தண்ணீரே இல்லாமல் தோலைத் தேய்த்தெடுக்கும் இயந்திரம் உண்டு. அதற்கான விண்ணப்பம் யாரோ ஒருவரின் கையெழுத்துக்குக் குளிர்காலத்திலிருந்து காத்திருக்கிறது. நுரைத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று பெண்கள் கேட்டார்கள். ஆட்டுத் தொட்டிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றேன்.

ஜூன் 6
வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ், கோதுமை ரவைக்குப் பதில் கினோவாவில். குழந்தைகள் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் காய்கறியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காசாபிளாங்காவில் விலை போகும் பண்டம் இது. இந்த வீடுகளில் இன்னும் விருந்தாளிதான்.

ஜூன் 7
பெருநாள். பட்டியில் ஆடுகள் அப்படியே நிற்கின்றன.

ஜூன் 11
அடுத்த விதைப்புக்கு எவ்வளவு விதை ஒதுக்குவது என்று ஹாஜ் தானாகவே கேட்டார். எவ்வளவு நிலம் தருவீர்கள் என்றேன். பார்லி போட்டது போக மிச்சம், அந்தச் சரிவுப் பக்கம் என்கிறார். உப்புப் பூத்த மண் அது. காலையில் டேப் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.